தாத்தாவுக்கு அப்பால்: ஊர்க் குழுவாகச் சேர்ந்து வம்சாவளி தேடும் முறை

எங்கள் ஊரில் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் குடும்பத்தின் வம்சாவளியை இன்னொருவர் தேடித் தருகிறோம். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டன் பெயர் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உடனே சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன் என்கிறார்கள், இல்லையென்றால் சாதி வரலாறு பேசும் யூடியூப் வீடியோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இரண்டுமே முதலில் செய்யும் வேலை இல்லை.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். அதனால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நான்கு சுப்பையாக்கள் இருப்பார்கள், அதில் இருவருக்குத் தகப்பன் பெயரும் மாடசாமியாகவே இருக்கும். பெயரை வைத்து மட்டும் ஆளைப் பிடிக்கவே முடியாது. ஊர், தகப்பன் பெயர், நிலம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் அவர் நம் ஆள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பதற்காகவே இந்த வரிசையில் இருக்கின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

நீளமான நோட்டு ஒன்று, பென்சில், நல்ல கேமரா உள்ள கைப்பேசி, பூதக்கண்ணாடி, உங்கள் தாலுகா வரைபடம். பழைய பஞ்சாங்கங்கள் வைத்திருக்கும் ஒருவருடைய பழக்கமும் வேண்டும்.

பென்சில் ஏன் என்றால், முதல் சில மாதங்களில் நீங்கள் எழுதுவதில் பாதியையாவது அழித்து எழுத வேண்டி வரும். கணினியில் நேராக ஏற்றினால் திருத்தும்போது பழையது காணாமல் போய்விடும். நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்தால் எதை ஏன் மாற்றினோம் என்பது தெரியும்.

2. உங்களிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் எண், அதன்கீழ் பெயர், கூப்பிடும் பெயர், பட்டப்பெயர், வீட்டு அடையாளம் (மேலவீடு, கிணத்தடி வீடு என்பதுபோல்), தகப்பன், தாய், தாயின் பிறந்த ஊர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தாளில் இருந்தது என்று எழுதுங்கள்.

கூப்பிடும் பெயருக்குத் தனி இடம் கட்டாயம் வேண்டும். வீட்டில் எல்லோரும் 'ராசு' என்று கூப்பிட்டவர் பத்திரத்தில் சண்முகசுந்தரமாக இருப்பார். பட்டப்பெயர் அதைவிட முக்கியம். பழைய பத்திரங்களில் 'என்கிற' போட்டு அதையும் சேர்த்தே எழுதுவார்கள், நான்கு சுப்பையாக்களைப் பிரித்துக் காட்டுவது பல சமயம் அந்த ஒரு சொல்தான்.

பெரிய பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வருவதுதான் இங்கே பெரிய தவறு. 'எங்கள் வம்சம் இன்ன பாளையக்காரர் வழி' என்று தொடங்கினால் நடுவில் உள்ள ஆட்களை இட்டுக்கட்டித்தான் நிரப்ப வேண்டியிருக்கும். தெரிந்த ஆளிலிருந்து தெரியாத ஆளுக்கு ஒரு படி, அது உறுதியான பிறகு அடுத்த படி. எங்கள் குழுவில் ஒருவர் கல்வெட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று வேடிக்கையாக ஒரு விதி வைத்திருக்கிறோம்.

3. பெரியவர்களிடம் உட்காருங்கள்

தாள்கள் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் ஆவணத்துக்கு முன்னால் இதுதான்.

'உங்க தாத்தா பேரு என்ன?' என்று கேட்டால் ஒரு சொல் பதில் வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். நிகழ்ச்சியைக் கேளுங்கள். 'ஆச்சி, உங்க கல்யாணத்துக்கு எந்த ஊர்லேர்ந்து வண்டி கட்டி வந்தாங்க?' 'காதுகுத்துக்கு யார் மடியில உட்கார வச்சாங்க?' 'உங்க அப்பா இறந்தப்ப நீர்மாலைக்கு யார் யார் போனாங்க?' காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பவர் தாய்மாமன். அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் தாய்வழிக் குடும்பமே வரும். பெண்வழிப் பெயர்கள் பத்திரங்களில் குறைவு என்பதால் இதை இங்கேயே வாங்கிவிட வேண்டும்.

வயதான பெண்கள் பலர் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனாருக்குச் சாமி பெயர் என்றால் அந்தச் சாமியையே வேறு பெயரில் சொல்வார்கள். புதியவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்தில் கொழுந்தனோ பேத்தியோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லட்டும், ஆச்சி தலையாட்டட்டும்.

தர்ப்பணம் கொடுக்கும் வழக்கமுள்ள வீடு என்றால் சங்கல்பத்தில் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதி வாங்குங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்களுடைய மனைவியர், தாய்வழியில் மூன்று தலைமுறை என்று ஒரே மூச்சில் கிடைக்கும். வேறு எங்கும் கிடைக்காத கொள்ளுப்பாட்டியின் பெயர் இங்கே இருக்கும்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்ட உடனே பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். வெளியூரில் இருந்து வந்தவர் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. அதனால் முதல் தடவை பத்திரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பழைய போட்டோக்களைக் காட்டி ஆட்களை அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதி வைத்ததை ஒரு நகல் எடுத்து அவர்களுக்குக் கொடுங்கள். அடுத்த தடவை பத்திரம் தானாக வெளியே வரும்.

4. வீட்டுக்குள் இருக்கும் தாள்கள்

பரணையும் டிரங்குப் பெட்டியையும் இந்தக் கட்டத்தில் இறக்குங்கள். பேச்சில் கிடைத்த பெயர்கள் கையில் இல்லாமல் பெட்டியைத் திறந்தால் எந்தத் தாள் முக்கியம் என்றே தெரியாது.

கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை இருக்கும். அழைக்கும் சொந்தபந்தங்கள் யார் யார் என்பதும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியோடு மகள்கள், மருமகன்கள் பெயர் வரும்.

தென்மாவட்டக்காரர்களுக்கு மொய் நோட்டு பெரிய புதையல். மொய் எழுதும்போது ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், சில சமயம் முறையையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். தாய்மாமன் மொய் முதலில் இருக்கும். ஒரே வீட்டின் அண்ணன் கல்யாண நோட்டையும் தம்பி கல்யாண நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் தகப்பன் பெயரில் வந்த மொய், அடுத்ததில் மகன் பெயரில் வந்திருந்தால், நடுவில் அந்தத் தகப்பன் இறந்திருக்கலாம், அல்லது மகன் தனிக்குடித்தனம் போயிருக்கலாம். எதுவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்பது தெரிந்ததே பெரிது.

பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயரை நம்புங்கள், பிறந்த தேதியை நம்பாதீர்கள். தலையைச் சுற்றிக் கை காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலத்தில் வாத்தியார் போட்ட தேதி அது. மே, ஜூன் தேதிகள் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்தாலே புரியும்.

5. ஆண்டுக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களின் வம்சாவளியில்தான் மகன் தகப்பனுக்கு முன்னால் பிறந்திருப்பான். நம் ஊர்த் தாள்களில் ஆங்கில ஆண்டோடு சேர்த்து நான்கு வகை ஆண்டுகள் கலந்து கிடக்கும்.

*பசலி:* வருவாய்க் கணக்குகளில் வருவது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1342 என்றால் 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை.

*கொல்லம்:* திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தாள்களிலும் ஓலைகளிலும் வரும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். கொல்லம் 1101 ஆவணி என்பது 1925 ஆகஸ்ட்.

*அறுபது ஆண்டுச் சுற்று:* ஜாதகங்களில் பெயர் மட்டும் இருக்கும். பிரபவ 1987-ல் வந்தது, அதற்கு முன் 1927, 1867. மற்றவற்றை இதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். 'தாது வருஷப் பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தோம்' என்று ஒரு குடும்பம் சொன்னால் அது 1876-ல் தொடங்கிய பெரும்பஞ்சம். 1936-ம் தாது வருஷம்தான், ஆனால் பஞ்சம் என்ற சொல் எந்தச் சுற்று என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஜாதகத்தில் அப்படி எந்தத் துப்பும் இல்லாதபோது அறுபது வருடம் தவறுவது மிகச் சுலபம். குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து அறுபது ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும், அதனால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்று வர பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். அறுபது ஆண்டில் அது கிட்டத்தட்ட மூன்று ராசி தள்ளிப் போயிருக்கும். ஜாதகக் கட்டத்தில் ராகு நிற்கும் ராசியை இரண்டு ஆண்டுகளின் பஞ்சாங்கத்தோடும் ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். கிழமையும் தமிழ்த் தேதியும் ஒத்துப்போகிறதா என்று இரண்டாவது தடவை பாருங்கள். சோதிட நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கணக்கு வேலை செய்யும்.

பழைய தாள்களில் வரும் குறிகளையும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

6. பத்திரத்தை வாசியுங்கள்

வம்சாவளியின் முதுகெலும்பு இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

1930-களின் கிரயப் பத்திரம் ஒன்றின் தொடக்கம் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: 'மேற்படி தாலூகா மேற்படி கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற மாடசாமி குமாரர் சிவமதம் விவசாய ஜீவனம் சுப்பையா அவர்களுக்கு, மேற்படி ஊரிலிருக்கும்...' இந்த ஒரு வரியில் ஊர், தகப்பன் பெயர், தகப்பன் உயிரோடு இல்லை என்ற செய்தி, சமயம், தொழில் எல்லாம் வந்துவிட்டன. சாதியும் எழுதியிருப்பார்கள்.

வாசிக்கும் வரிசை முக்கியம். எல்லோரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர். அடுத்து, சொத்து தனக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி. 'எனது பாட்டனார் இன்னாருக்குப் பாத்தியமாகி, அவர் காலத்துக்குப் பின் என் தகப்பனாருக்கும் பெரிய தகப்பனாருக்கும் பாகத்தில் ஏற்பட்டு' என்று ஒரு தலைமுறை முழுதும் அங்கே கிடக்கும். அதற்குப் பிறகு சொத்து விவரம். நான்கு மால்களில் (எல்லைகளில்) யார் நிலம் என்று எழுதியிருப்பதைக் கண்டிப்பாகப் படியுங்கள். பக்கத்து நிலக்காரர் பல சமயம் பாகம் பிரிந்த அண்ணனோ சித்தப்பாவோதான். கடைசியில் சாட்சிகளும், பத்திரத்தின் பின்பக்கத்தில் பதிவின்போது அடையாளம் காட்டியவர்களும். அவர்களுக்கும் தகப்பன் பெயர் எழுதியிருக்கும்.

'மேற்படி' என்ற சொல்லில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'மேற்படியார் குமாரர்' என்றால் உடனடியாக முன்னால் வந்தவரின் மகன். நடுவில் சாட்சி பெயர் ஒன்று வந்திருந்தால் கதையே மாறிவிடும். ஒவ்வொரு 'மேற்படி'யின் மேலும் அது யாரைக் குறிக்கிறது என்று பென்சிலால் நகலில் எழுதிவிட்டு அப்புறம் அடுத்த வரிக்குப் போங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

எல்லாப் பத்திரங்களும் ஒரே அளவு பயன் தருவதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஒரு தலைமுறை அண்ணன் தம்பிகள் எல்லோரும், இறந்துபோன அண்ணனின் மைனர் மகன் தாயாரை கார்டியனாகக் கொண்டு என்பது உட்பட, வரிசையாக இருப்பார்கள். உயிலும் அப்படித்தான். அடமானப் பத்திரத்தில் அவ்வளவு இருக்காது. பல குடும்பங்கள் பதியாமல் கூர்ச்சீட்டு மட்டும் எழுதிப் பிரிந்துகொண்டன, அது சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காது, வீட்டில்தான் தேட வேண்டும்.

மகள்கள் எங்கே? தமிழ்நாட்டில் 1989-ல்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முந்திய பாகப்பிரிவினைகளில் மகள் பெயர் பெரும்பாலும் வராது. அவர்களைச் சீதனமாகவோ மஞ்சக்காணியாகவோ நிலம் எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரங்களில் தேடுங்கள். பிந்திய காலத்துக்கு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட அக்கா தங்கைகள் எல்லோரும், கணவர் பெயர், இருப்பு ஊர் சகிதம் அதில் இருப்பார்கள். அந்தப் பங்குகளை எப்படி விட்டுக்கொடுக்க வைத்தார்கள் என்பது வேறு கதை.

ஒருவருக்கு இரண்டு மனைவியர் வந்தால் திடுக்கிட வேண்டாம். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதாரத் தடை 1949-ல்தான் வந்தது. 'மூத்த தாரத்துப் பிள்ளை', 'இளைய தாரத்துப் பிள்ளை' என்று பத்திரம் பிரித்துச் சொல்லும். எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நினைவிலிருந்து பிரிக்க முடியாது.

7. சார்பதிவாளர் அலுவலகம்

வீட்டில் பத்திரம் இல்லாவிட்டாலும் பதிவு செய்தது அங்கே இருக்கும். முதலில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். இணையத்தில் பல ஊர்களுக்கு 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் செய்ய வேண்டும்.

போவதற்கு முன்னால் புல எண் (நிலத்தின் சர்வே எண்) தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வில்லங்கம் சொத்தைப் பிடித்துத்தான் தேடும். அங்கே பெயர்வாரி அட்டவணையும் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாவது 1-ம் புத்தகம், அதன் பெயர் அட்டவணை முதலாம் அட்டவணை, சொத்து அட்டவணை இரண்டாம் அட்டவணை. 1908 பதிவுச் சட்டத்தின்படி 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் தருவார்கள்.

பழைய பத்திரம் ஒன்றில் 'இன்ன வருஷத்து 1 புத்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கங்களில், இன்ன நெம்பராக' என்று முந்திய பத்திரத்தைச் சுட்டியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த நான்கு எண்களோடு நேராக நகல் மனு போடலாம், தேடல் செலவு மிச்சம்.

உங்கள் ஊர் இன்றைக்கு எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்பது போதாது. புது அலுவலகங்கள் பிரிந்தபோது பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கும். 'அப்படி ஒரு பத்திரமே இல்லை' என்ற பதிலோடு திரும்புகிறவர்களில் பலர் அலுவலகம் மாறிப் போனவர்கள்.

தேடியும் கிடைக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயங்களைப் பதிந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இருக்கவில்லை. அரை ஏக்கர் மானாவாரி அந்தக் காலத்தில் எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

8. நிலக் கணக்குகளும் ஆவணக் காப்பகமும்

பட்டா இன்றைய புல எண்ணைக் காட்டும். 1979-க்கும் 1987-க்கும் இடையே தமிழ்நாடு முழுதும் நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூடிஆர் என்றால் தாலுகா ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதில் உட்பிரிவுகளும் பெயர்களும் புதுப்பிக்கப்பட்டன. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒட்டிப் பார்க்காமல் 1930-ன் பத்திரத்தை இன்றைய பட்டாவோடு சேர்த்தால் வேறு யாருடைய நிலத்தையோ உங்கள் பூட்டனுக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

அ-பதிவேட்டில் புல எண்வாரியாக உடைமையாளர் பெயர் இருக்கும். ஜமீன் கிராமம் என்றால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரி செட்டில்மென்ட்தான் அரசின் ரயத்துவாரிக் கணக்கு (அரசு நில உடைமையாளரிடமே நேராக வரி வாங்கும் முறையின் கணக்கு), அதற்கு முந்தியது ஜமீன் கணக்கு. அந்தக் கிராமங்களில் தேடல் சீக்கிரம் முட்டிவிடும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. கிராமம், தாலுகா, பழைய புல எண், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற நான்கும் இல்லாமல் போனால் எந்தக் கட்டைக் கேட்பது என்றே தெரியாது. உங்கள் முன்னோருக்கு இனாம் நிலம் (கோயில் ஊழியம், ஊர் ஊழியம், தர்மம், எதுவானாலும்) இருந்திருந்தால் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1860-களில் நடந்த இனாம் விசாரணையில் அப்போது அனுபவித்தவரின் பெயரோடு, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் எழுதப்பட்டது. ஒரே தாவலில் மேலே கொண்டுபோய்விடும் பதிவு அது.

9. பிறப்பு இறப்பும் வாக்காளர் பட்டியலும்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல் வந்தது. கிராமங்களில் பதிந்தது அங்குமிங்கும்தான். பிறப்புப் பதிவில் பெரும்பாலும் குழந்தை பெயர் இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் 5-ம் படியை முடித்துவிட்டு இங்கே வரச் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியல் இரண்டு தலைமுறைக்குத்தான் உதவும், ஆனால் ஊரை விட்டுப் போன கிளையைக் கண்டுபிடிக்க அதுதான் சுலபம். 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிர திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்களை இணையத்தில் தேடும்படி வைத்தார்கள். ஒரே வீட்டு எண்ணில் இருந்த அத்தனை பேரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். வயது அதில் தோராயம்தான்.

10. கோயில், தேவாலயம், ஜமாஅத்

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டைக் கேளுங்கள். கல்யாணமானவர்கள் தலைக்கட்டாகச் சேரும் ஆண்டு ஏறக்குறைய அவர்களுடைய கல்யாண ஆண்டு. பூசாரியிடம் கேட்டால் 'தெரியாது' என்பார், கணக்குப் பார்ப்பவர் வேறு ஆளாக இருப்பார். நகரத்தாராக இருந்தால் புள்ளிக் கணக்கு (கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாகப் பதியும் கணக்கு) இருக்கவே இருக்கிறது, உங்கள் நகரக் கோயிலில் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை பாதி குறைவு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் ஆண்டுவாரியாக இருக்கும். ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அத்தையோ மாமாவோதான். மதம் மாறியபோது பெயரும் மாறியிருக்கும் என்பதை மறந்துவிட்டு ஒரே ஆளை இரண்டு பேராக எழுதுகிறவர்கள் உண்டு. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் இரண்டு தரப்புத் தகப்பன் பெயரும் சாட்சிகளும் இருப்பார்கள்.

11. கடல் கடந்து போனவர்கள்

'பெரிய தாத்தா கண்காணாத இடத்துக்குப் போயிட்டார்' என்று வீட்டில் சொல்வார்கள். எந்த நாடு என்பதைப் பொறுத்து வழி மாறும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-லிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை ஆள்வாரியாக எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் உள்ளன. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தாலுகா வரைபடம் முதல் படியிலேயே கேட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

கங்காணி (தோட்டங்களுக்குக் கூலி ஆள் சேர்த்தவர்) வழியாக மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்றால் அவர்கள் கொண்டுவந்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் முதலில் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அவை இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

12. வம்சாவளியை வரையுங்கள்

இப்போது கணினி. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்கும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே தகப்பன் பெயரைப் போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் வேறு குடும்பம்போல் பிரிந்துவிடும், ஊர்ப்பெயரைப் போட்டால் ஊரே ஒரு குடும்பம் ஆகிவிடும்.

நமக்கே உரிய சிக்கல் சொந்தத்தில் கட்டுவது. அத்தை மகளைக் கட்டியவருக்கும் மனைவிக்கும் ஒரே தாத்தா. புதியவர்கள் மனைவி பக்கத்தில் அந்தத் தாத்தாவை மறுபடி ஒரு புது ஆளாக ஏற்றுவார்கள், ஒருவர் இருவராகி இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்வார். புது ஆளைச் சேர்க்கும் முன் நோட்டில் அவருக்கு எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அக்கா மகளைக் கட்டியவர்கள் இருந்தால் தலைமுறைக் கோடு சாய்ந்துதான் போகும். நேராக்க வேண்டும் என்று உறவை மாற்றாதீர்கள்.

உறுதியாகாத இணைப்புகளைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள். ஊர், தகப்பன் பெயர், நிலம் மூன்றில் இரண்டு பொருந்தினால் புள்ளிக்கோடு, மூன்றும் பொருந்தினால் முழுக்கோடு. எங்கள் குழுவில் இதற்கு விதிவிலக்கே கிடையாது, பெரிய மனிதர் குடும்பம் என்றாலும்.

13. மாதக் கூட்டத்தை நடத்துவது

கூட்டத்துக்கு ஒரு குடும்பம், அதிகம் போனால் இரண்டு. எல்லோர் குடும்பத்தையும் தொட்டால் யாருக்கும் ஒரு படிகூட நகராது. அந்த மாதத்துக் குடும்பக்காரர் பேச, இன்னொருவர் கேள்வி கேட்க, மூன்றாவது ஆள் எழுத வேண்டும். சொந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது யாரும் தன் ஓட்டையைத் தானே பார்ப்பதில்லை, அதனால்தான் கேட்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

கைதேர்ந்தவர்களுக்கு வேலையைப் பிரித்துக்கொடுங்கள். பழைய கையெழுத்து வாசிக்க ஒருவர், பஞ்சாங்கக் கணக்குக்கு ஒருவர். ஓய்வுபெற்ற விஏஓவோ பத்திர எழுத்தரோ கிடைத்தால் விடாதீர்கள். 1980-ல் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்) முறை ஒழிந்தது, அந்தக் கர்ணம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். எந்தப் பட்டப்பெயர் எந்த வீட்டுக்கு என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

முதல் கூட்டத்திலேயே சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, விலாசம் எதுவும் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. தத்து, இரண்டாம் தாரம், சாதி மாறிக் கல்யாணம், ஊரை விட்டு ஓடியது எல்லாம் வரத்தான் வரும். நோட்டில் எழுதலாம், வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. சொத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தை வழக்கு முடியும்வரை எடுக்க வேண்டாம், எதிர்த்தரப்பு உங்கள் நோட்டையே சாட்சியாகக் கேட்கும்.

கூட்டம் கலையும் முன் அடுத்த மாதத்துக்குள் யார் எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தப் புல எண்ணுக்கு மனுப் போடுவது, எந்த ஆச்சியைப் பார்ப்பது என்று பெயரோடு எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அலுவலகம், ஆச்சி இரண்டையும் அந்த மாதத்தில் செய்ய முடியாது என்றால் அலுவலகத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆச்சியைப் போய்ப் பாருங்கள்.